இரண்டால் வகுபடாதது

காற்று வாங்குவதென்றால்
எங்கள் ஊரில் விலை கொடுத்து வாங்குவதுதான்.
பெனின் சிட்டி, ஓபா மார்க்கெட்,
இரண்டு மணி நேரப் பேரம்.
எட்டு மாதம் நான் பின்னிய தலைகள் அத்தனையும்
ஓர் அட்டைப்பெட்டிக்குள் படுத்துக்கொண்டன.

வீட்டுக்கு வந்து அண்ணாந்தபோதுதான் பார்த்தேன்,
கொக்கி என்னுடையது இல்லை.

முழுதாய் அவனுடையதும் இல்லை.
ஒரே அறையை ஒட்டுப்பலகையால் வகிர்ந்து
இரண்டு வாடகை வாங்குகிறார் ஒசுண்டே.
அந்தப் பலகைக்கு நேர் மேலே
நூல் பிடித்ததுபோல் கொக்கி.

அந்தப் பக்கம் ஒமொருயி, பஞ்சர் ஒட்டுகிறவன்.
மனைவி லாகோஸில் வேலை. இரண்டு வயதுப் பெண் இவனிடம்.
பதினோரு மாதமாய் எங்களுக்குள் இருந்த பேச்சு
பலகையில் தட்டுவது.
ஒரு தட்டு என்றால் ரேடியோவைக் குறை.
இரண்டு தட்டு என்றால்
முதலில் நீ குறை.

பெட்டியோடு போய் அவன் வாசலில் நின்றேன்.
"ஃபேன் என்னுடையது. கொக்கி பொது."
கொஞ்சம் யோசித்தான்.
உள்ளே போய் ரம்பத்தோடு வந்தான்.

பலகையின் தலையில் ஒன்றரை அடி போயிற்று.
மரத்தூள் என் சோற்றுப் பானையில்,
அவன் மகளின் இமையில்.
அவன் அடுப்பின் மண்ணெண்ணெய் வாசம்
எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கமே தங்கிவிட்டது.

மெயினை அணைக்கப் போனேன். சிரித்தான்.
மூன்று நாளாய்க் கரண்ட்டே இல்லையாம்.
வராததுதான் திடீரென்று வரும் என்று அணைத்தேன்.

நான் மேசைமேல் ஸ்டூல் போட்டு,
அவன் கட்டில்மேல் டயர் அடுக்கி.
நடுவில் ஏழு கிலோ மோட்டார்.
சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு.
பச்சை யாருக்கு என்று கேட்டான்.
மண்ணுக்கு என்றேன்.
இந்த வீட்டில் மண் எங்கே என்றான்.
தேடினோம். ஒசுண்டே அதைப் போடவே இல்லை.
பச்சையை மடித்து டேப் சுற்றி வைத்தோம்,
அவர்மேல் உள்ள கடைசி மரியாதையையும் சேர்த்து.

தண்டைக் கொக்கியில் பூட்டும் ஊசி
பெட்டியில் இல்லை.
என் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவினேன்.
"கீழே குழந்தை தூங்குவாள்" என்றான்.
மோட்டாரை என் தோளில் விட்டுவிட்டு
கடைவரை ஓடி
லாரிச் சக்கரத்து ஊசி கொண்டுவந்தான்.
அவன் வரும்வரை நின்றேன்.
இடது தோள் இன்னும் மறக்கவில்லை.

மூன்று இறக்கை.
வகுத்துப் பார்த்தேன், போகவில்லை.
ஒன்று என் பக்கம் நின்றால் இரண்டு அவன் பக்கம்.
அவனும் கணக்குப் போட்டிருக்க வேண்டும்,
விரலால் மெல்லத் தள்ளினான்.
இப்போது இரண்டு எனக்கு.
ரெகுலேட்டர் மட்டும் என் சுவரில்.
அதில் பேச்சுக்கே இடமில்லை.

மெயினைப் போட்டுவிட்டுப் படுத்தோம்.

இரவு இரண்டேகாலுக்குத் தெரு முழுக்கக் கத்தியது,
"அப் நேப்பா!"
கரண்ட் வந்தால் இங்கே தூக்கத்திலும் கத்துவார்கள்.
தலைக்கு மேலே ஒரு முனகல்,
பிறகு குடித்தவன் நடைபோல் ஓர் ஆட்டம்.
நிறுத்திவிட்டு டப்பாவைத் துழாவினேன்.
எந்தக் கடையும் கையில் வாங்காத ஐம்பது கோபோ,
செல்லாக்காசு.
ஓர் இறக்கையின் முதுகில் ஒட்டினேன், ஆடியது.
அடுத்ததில் இன்னும் ஆடியது.
மூன்றாவதில் நின்றுபோனது.
இத்தனை வருஷத்தில் அதற்குக் கிடைத்த முதல் வேலை.

பலகைக்கு மேலிருந்து குரல், தட்டாமல்.
"எசேஓசா, ஒன்று குறை. பிள்ளைக்குக் குளிர்கிறது."
என் பெயர் தெரிந்திருக்கிறது.
குறைத்தேன்.

எனக்கு வியர்த்தது.
கொஞ்ச நேரம் பொறுத்து
சத்தமில்லாமல் ஒன்று கூட்டினேன்.

அந்தப் பக்கம்
போர்வை உதறும் சத்தம்.